நாம் பார்த்த குற்றமும் பார்க்காத குற்றமும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன இதழில் போலீஸ் படங்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். "படம்தானே, ரசித்துவிட்டுப் போவோம்" என்கிற மாதிரி முடித்திருந்தீர்கள். என்னால் அப்படிப் போக முடியவில்லை.

நான் திருநெல்வேலிக்காரன். 2003-ல் 'சாமி' வந்தபோது கதையே எங்கள் ஊரில் நடக்கிறது, கேட்கவா வேண்டும். கடைசியில் வில்லனைக் கொன்று செங்கல் சூளையில் எரித்துவிட்டு, ஆள் தலைமறைவு என்று ஹீரோ கணக்கை முடிக்கும்போது தியேட்டரே எழுந்து நின்று விசிலடித்தது. நானும் அடித்தேன். ஏனென்றால் அந்த வில்லன் செய்த அத்தனை அக்கிரமத்தையும் இரண்டரை மணி நேரம் உட்கார்ந்து கண்ணால் பார்த்திருந்தோம். இந்தப் படங்களின் சூட்சுமமே அதுதான். யார் குற்றவாளி என்கிற சந்தேகமே நமக்கு வராதபடி கேமரா முதலிலேயே எல்லாவற்றையும் காட்டிவிடுகிறது. அப்புறம் கோர்ட் எதற்கு, வக்கீல் எதற்கு, மனித உரிமைக்காரர்கள் குறுக்கே வந்தால் எரிச்சல்தான் வரும். வெளியே அப்படி ஒரு கேமரா கிடையாது.

என் சித்தி மகனை ஒரு பைக் திருட்டு விசாரணை என்று ஒருநாள் கூட்டிக்கொண்டு போனார்கள். எந்த ஸ்டேஷன் என்பது வேண்டாம். மூன்றாம் நாள் காலையில் உண்மையான ஆள் வேறு ஊரில் மாட்டிக்கொண்டதும் "சரி, கிளம்பு" என்று அனுப்பிவிட்டார்கள். உள்ளங்கால் இரண்டும் வீங்கி செருப்பு நுழையவில்லை. சித்தி கல் உப்பு போட்ட வெந்நீரில் அவன் காலை வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தபோது அவன் மெதுவாகச் சொன்னான், "ரெண்டாவது ராத்திரி நான்தான் எடுத்தேன்னு சொல்லிட்டேம்மா." எடுக்காத பைக்கை எடுத்ததாக ஒத்துக்கொண்டிருக்கிறான். அவன் கையில் துப்பாக்கியைத் திணித்துச் சுட்டிருந்தால், குற்றத்தை ஒப்புக்கொண்டவன் தப்பி ஓடினான் என்று மறுநாள் நானே பேப்பரில் படித்திருப்பேன்.

2019 டிசம்பரில் ஹைதராபாத் அருகே, பெண் மருத்துவர் கொலை வழக்கில் பிடிபட்ட நான்கு பேரைப் போலீஸ் சுட்டுக் கொன்றபோது மக்கள் போலீஸ்காரர்கள் மேல் பூ தூவினார்கள். அந்த வீடியோவை நானும் நாலு வாட்ஸ்அப் குரூப்புக்கு அனுப்பினேன், அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு உறுத்துகிறது. உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையத்தின் அறிக்கை 2022-ல் வெளியானது. வேண்டுமென்றே கொல்லும் நோக்கத்தோடுதான் சுட்டிருக்கிறார்கள், நால்வரில் மூன்று பேர் 18 வயது நிரம்பாதவர்கள், பத்து போலீஸ்காரர்கள் மேல் கொலை வழக்கு நடத்த வேண்டும் என்றது. அதை யாரும் எனக்கு ஃபார்வர்ட் செய்யவில்லை.

நம்ம ஊரில் இப்போது போலீஸ் பிடித்தவர்களின் மாவுக்கட்டு போட்டோ வருகிறது. பாத்ரூமில் வழுக்கி விழுந்து கை உடைந்துவிட்டதாம். டீக்கடையில் அதைக் காட்டிச் சிரிக்கிறார்கள். எட்டாவது படிக்கும் என் மகன் கேட்டான், "அது எந்த பாத்ரூம்ப்பா, எல்லாரும் அங்கேயே வழுக்கி விழுறாங்க?" அவனுக்குப் புரிவது நமக்குப் புரியாமலா இருக்கிறது?

2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் போலீஸ் அடித்து இறந்த பிறகு, காவல்துறையைப் பெருமைப்படுத்தி ஐந்து படம் எடுத்ததற்காக வேதனைப்படுகிறேன் என்று இயக்குநர் ஹரி அறிக்கை விட்டார். 'சாமி'யும் 'சிங்கம்' வரிசையும் அவர் எடுத்தவைதான். அதை மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் போலீஸ் படமே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. சாத்தான்குளத்தில் மாஜிஸ்திரேட் விசாரணைக்குப் போனபோது, அதே ஸ்டேஷனில் வேலை பார்த்த ஒரு பெண் தலைமைக் காவலர், விடிய விடிய அடித்தார்கள், லத்தியிலும் மேஜையிலும் ரத்தக்கறை இருந்தது என்று சாட்சி சொன்னார். பயந்து பயந்துதான் சொன்னார், ஆனாலும் சொன்னார். தினமும் கூட வேலை பார்க்கிறவர்களுக்கு எதிராக, அந்தக் காக்கிச் சட்டையோடேயே!

அந்த அக்காவின் கதையை யாராவது படமாக எடுங்கள். ஸ்டேஷனில் அடிபட்டு வந்த பிறகு போலீஸ் படமே பார்க்காத என் சித்தி மகனையும் கூட்டிக்கொண்டு முதல் நாள் முதல் காட்சிக்கு வருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருநெல்வேலி