நமக்கு வராது என்று யார் சொன்னது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் வட்டாரத்தில் பல ஆண்டுகள் தமிழ்ப்பள்ளி ஆசிரியையாகப் பணியாற்றி ஓய்வுபெற்றவள் நான். பள்ளியில் இருந்த காலத்திலும், இப்போது தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) அண்டை அயலாருக்கு விண்ணப்பப் பாரம் நிரப்பிக் கொடுத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தரும் காலத்திலும், நம் மக்களிடம் நான் அதிகம் கேட்ட பேச்சு "அதெல்லாம் நமக்கு வராது" என்பதுதான். வங்கிக்குப் போவதானாலும் கணக்குப் பாடமானாலும் அலுவலகத்தில் மலாய் பேசுவதானாலும், முயன்று பார்ப்பதற்கு முன்பே இந்தப் பேச்சு குறுக்கே வந்து நின்றுவிடுகிறது. நம் அன்றாட வாழ்க்கையைக் கடினமாக்குவதில் வருமானக் குறைவுக்கு அடுத்த இடம் இதற்குத்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இந்த எண்ணம் அறியாமையால் வந்தது என்று சொல்லி நம் பெரியவர்களைக் குறைத்துப் பேச எனக்கு மனம் ஒப்பவில்லை. ரப்பர் தோட்டத்தில் அதற்குக் காரணம் இருந்தது. விடியுமுன் பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்புக்கு நின்று, மேற்பார்வையாளரான கங்காணி காட்டிய நிரையில் பால்மரம் வெட்டியவர்களுக்கு வேலையும் வீடும் ஒன்றோடொன்று பிணைந்தவை. தோட்டத்து எழுத்தரான கிராணியிடம் எதிர்த்து ஒரு சொல் பேசி வேலை போனால் தோட்டம் தந்த லயத்து வீட்டையும் காலி செய்துவிட்டுப் பிள்ளைகுட்டிகளோடு வெளியேற வேண்டிய நிலை இருந்தது. அப்படிப்பட்ட இடத்தில் "வாயைத் திறக்காதே, பெரிய இடத்துப் பக்கம் போகாதே, இருப்பதை விட்டுவிடாதே" என்று பிள்ளைகளுக்குச் சொன்னது குடும்பத்தைக் காப்பாற்றிய அறிவுரை. ஆனால் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, தோட்டங்கள் கைமாறின, லயங்கள் இடிக்கப்பட்டன, மக்கள் தாமான்களுக்கும் மலிவுவிலை வீடுகளுக்கும் குடிபெயர்ந்தார்கள். பெரட்டையே பார்த்தறியாத பேரப்பிள்ளைகளின் காதில் அந்த எச்சரிக்கை மட்டும் இன்னமும் ஓதப்பட்டு வருகிறது. எந்தச் சூழலுக்காகச் சொல்லப்பட்டதோ அந்தச் சூழலே இல்லாதபோது, சொன்னது இன்றும் பொருந்துமா என்று யாரும் நின்று கேட்பதில்லை.

அந்தக் காலத்திலேயே அது முழு உண்மையாக இருந்ததில்லை என்பதற்கு எங்கள் ஊரே சாட்சி. சுதந்திரத்தையொட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்காரர்களின் தோட்டங்கள் விற்கப்பட்டுத் துண்டாடப்பட்டு, தொழிலாளர்கள் திக்கற்று நின்றபோது, கூலிக்கு மரம் வெட்டுகிறவன் தோட்டத்தை விலைக்கு வாங்க முடியும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். சுங்கை சிப்புட்டில் பிறந்து, இந்தத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்த துன் வீ.தி. சம்பந்தன் அதைச் சொன்னார். தோட்டந்தோட்டமாகப் போய்ப் பேசி, தொழிலாளர்களின் சிறு சிறு பங்குத் தொகைகளைத் திரட்டி, 1960ஆம் ஆண்டில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். கெடாவிலுள்ள புக்கிட் சிடிம் தோட்டம் அச்சங்கம் வாங்கிய முதல் தோட்டம். பங்கு கட்டியவர்கள் ஒரே நாளில் தைரியசாலிகளாக மாறிவிட்டவர்கள் அல்லர். "நம்மால் முடியாது" என்பதை ஒரு மாதத் தவணை அளவுக்கு மட்டும் ஒதுக்கி வைத்துப் பார்த்தவர்கள் அவர்கள். நம் பிள்ளைகளுக்கு இதைத் தலைவர் ஒருவரின் சாதனையாக மட்டும் சொல்லி நிறுத்திவிடுகிறோம். பங்கு கட்டிய அந்தப் பெயர் தெரியாத மனிதர்களின் மனத்தில் அன்று என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

இதே மாற்றத்தை மிகச் சிறிய அளவில் அண்மையில் நேரில் பார்த்தேன். ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மா, தோட்டத்தில் பிறந்து வளர்ந்து இப்போது தொழிற்சாலை ஒன்றில் துப்புரவு வேலை செய்பவர், சம்பளம் போட்டதும் வங்கி அட்டையைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுபோய்த் தம்பி மகனிடம் கொடுப்பார். அவன் பணம் எடுத்து வரும்வரை கடைகளின் முன்னாலுள்ள ஐந்தடி நடைபாதையில் மழை வெயிலுக்கு ஒதுங்கி நிற்பார். அவன் வேலைக்குப் போய்விட்ட வாரங்களில் கையில் காசிருந்தும் கடன் வாங்குவார். ஏன் தாமே எடுப்பதில்லை என்று கேட்டதற்கு, "மெஷின் கார்டை முழுங்கிடும் டீச்சர், நமக்கு அதெல்லாம் வராது" என்றார். யாருடைய கார்டை முழுங்கியது என்றேன். நெடுநேரம் யோசித்துவிட்டு, நாத்தனார் எப்போதோ சொன்னதாகச் சொன்னார். நாத்தனாரின் கார்டா என்றால், அதுவும் இல்லை. அவரும் யாரோ சொல்லிக் கேட்டதுதான். பணம் எடுக்க வேண்டாம், கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்று உடன் அழைத்துப் போனேன். திரையில் வந்த மலாய்ச் சொற்களை அவர் விரலால் தொட்டுத் தொட்டு வாய்விட்டு வாசித்தார். தமக்கு வாசிக்க வரும் என்பதே அவருக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்ததுபோல் இருந்தது. இப்போது அவரே எடுத்துக்கொள்கிறார். வேண்டிய நாளில் வேண்டிய பொருளை வாங்குகிறார். தம்பி மகனின் முகம் பார்த்து நிற்பதில்லை. அவர் முகத்தில் தெரிகிற நிம்மதியை நான் சிறியதென்று சொல்ல மாட்டேன்.

அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஏரோன் பெக் என்ற மனநல மருத்துவர் 1960களில் உருவாக்கிய சிகிச்சை முறையின் அடிப்படையும் ஏறக்குறைய இதுதான். மனச்சோர்வால் வாடியவர்களின் உள்ளத்தில் "நான் எதற்கும் உதவாதவன்", "இது நடக்கவே நடக்காது" என்பன போன்ற எண்ணங்கள் அவர்கள் அறியாமலே தாமாக ஓடிக்கொண்டிருப்பதையும், அவற்றை அவர்கள் உண்மை என்றே ஏற்றுக்கொண்டிருப்பதையும் அவர் கவனித்தார். அந்த எண்ணங்களோடு வாதாடி மறுப்பதைவிட, அவற்றை இன்னும் நிரூபிக்கப்படாத கூற்றுகளாக எடுத்து வைத்து, இதற்கு என்ன ஆதாரம், இதற்கு மாறாக ஏதாவது நடந்திருக்கிறதா, வேறு விதமாக விளங்கிக்கொள்ள வழியுண்டா என்று நோயாளியோடு சேர்ந்து ஆராய்ந்தார். சிறிய சோதனை ஒன்றைச் செய்து பார்ப்பதும் அம்முறையில் உண்டு: என்ன நடக்கும் என்று அஞ்சுகிறோமோ அதை முன்கூட்டியே எழுதி வைத்து, செய்து பார்த்தபின் நடந்ததோடு ஒப்பிட வேண்டும். மேடைகளில் நாம் கேட்கிற "உன்னால் எல்லாம் முடியும்" என்ற முழக்கத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. முழக்கம் கேட்டவன் மறுநாள் தோற்றால் முன்னைவிடத் துவண்டுபோவான். கேள்வி கேட்கப் பழகியவனுக்கோ தோல்வியும் ஒரு தகவல்.

பெற்றோர்களுக்கு இதைக் குறிப்பாகச் சொல்ல விரும்புகிறேன். பிள்ளையின் மதிப்பெண் அட்டையை வாங்க வரும் தாய், ஆசிரியர் முன்னிலையில், பிள்ளையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "எனக்கும் கணக்கு வராது டீச்சர், இவனுக்கும் அப்படியே" என்று சிரித்துக்கொண்டே சொல்வதை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். மகனுக்கு ஆறுதலாகத்தான் அந்தத் தாய் அதைச் சொல்கிறார். அவனோ அன்றிலிருந்து அதைத் தன் பிறவிக் குணமாக எடுத்துக்கொள்கிறான். எந்தக் கணக்கு வரவில்லை என்று கேட்டு உட்கார வைத்தால், பெரும்பாலும் பின்னத்திலோ வகுத்தலிலோ ஒரு படி விட்டுப்போயிருக்கும். வாய்ப்பாடு ஒழுங்காக மனத்தில் பதிந்திருக்காது. அதைச் சரிசெய்யச் சில வாரங்கள் போதும். "வராது" என்று முத்திரை குத்திவிட்டால் அந்தப் படி எங்கே விட்டுப்போனது என்று தேடவே ஆள் இருக்காது.

"நாலு பேர் என்ன சொல்வார்கள்" என்பதும் இந்த வகையைச் சேர்ந்ததே. பிள்ளையின் பிறந்தநாளுக்கும் மஞ்சள் நீராட்டுக்கும் மண்டபம் எடுத்து, அதற்காக வட்டிக்கு வாங்கி, பிறகு ஆலோங் எனப்படும் சட்டவிரோத வட்டிக்காரனுக்குப் பயந்து கதவைச் சாத்திக்கொண்டிருக்கும் குடும்பங்களை நம் ஊர்களில் எல்லோரும் அறிவோம். அந்த நாலு பேர் யார், அவர்கள் உண்மையில் அப்படிச் சொன்னார்களா, சொன்னாலும் அது எத்தனை நாளைக்கு என்று வீட்டில் கணவனும் மனைவியும் உட்கார்ந்து பேசினால் பாதிச் செலவு குறையும். வீட்டளவில் எளிமையாகச் செய்தவர்களை நாம் யாரும் மதிக்காமல் போனதில்லை. அவர்கள் வீட்டுச் சாப்பாட்டைத்தான் நல்ல ருசி என்று பேசிக்கொண்டு வருகிறோம்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். எல்லாத் தடைகளும் மனத்தில் இருப்பவை அல்ல. பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளையிடமும், பேருந்தே வராத தோட்டத்தில் குடியிருப்பவரிடமும், ஓடி ஓடி உழைத்தும் சம்பளம் போதாதவரிடமும் "உன் எண்ணத்தை மாற்று" என்று சொல்வது கொடுமை. அங்கே மாற வேண்டியது நிர்வாகமும் சட்டமும் சம்பளமும்தான். தூக்கமும் பசியும் கெட்டு வாரக்கணக்கில் மனம் சோர்ந்து கிடப்பவருக்கும் அண்டை வீட்டு அறிவுரை போதாது. அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் மருத்துவரைப் பார்க்கத் துணைக்குப் போக வேண்டும். கேள்வி கேட்பதன் பயனே, எது உண்மையான தடை, எது கேள்விப்பட்ட தடை என்று பிரித்துக் காட்டுவதில்தான் இருக்கிறது. உண்மையான தடையை எதிர்த்துக் குரல் கொடுக்கவும் அதன் பிறகே தெம்பு வரும்.

இதில் தங்கள் நாளிதழ் பெரிதும் உதவ முடியும். எடுத்துக்காட்டாக, சொக்சோ எனப்படும் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் கீழ் இல்லத்தரசிகளுக்கான சமூகப் பாதுகாப்புத் திட்டம் 2022 டிசம்பர் முதல் நடப்பில் உள்ளது. 55 வயதுக்கு உட்பட்ட பெண்கள் ஆண்டுக்கு 120 ரிங்கிட் சந்தா செலுத்திச் சேரலாம். வீட்டு வேலையின்போது நேரும் விபத்துக்கும் உடல் இயலாமைக்கும் அதில் பாதுகாப்பு உண்டு. ஆனால் எங்கள் தாமானில் இதைப் பற்றிப் பேசினால், "அது வேலைக்குப் போறவங்களுக்கு, நமக்கு இல்லை" என்றே பதில் வருகிறது. இப்படிப்பட்ட திட்டங்களைச் செய்தியாக ஒரு முறை வெளியிடுவதோடு நில்லாமல், எங்கே போவது, என்னென்ன எடுத்துப்போவது, முகப்பில் என்ன கேட்பார்கள் என்பதைப் படிப்படியாக எளிய தமிழில் ஞாயிறு பதிப்பில் தொடர்ந்து வெளியிட வேண்டுகிறேன். அதன் பக்கத்திலேயே, "நமக்கு வராது" என்று நெடுங்காலம் எண்ணியிருந்த ஒன்றைச் செய்து பார்த்த வாசகர்கள், செய்யுமுன் எதற்கு அஞ்சினார்கள், செய்தபோது என்ன நடந்தது என்பதைச் சில வரிகளில் எழுதியனுப்ப இடம் ஒதுக்கித் தாருங்கள். எழுதத் தயங்குபவர்கள் சொல்லச் சொல்ல எழுதிக்கொடுக்க, அந்தந்த ஊரில் என்னைப் போன்ற ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை,
சுங்கை சிப்புட், பேராக்.