உடைந்த பெஞ்சிலிருந்தே தொடங்கலாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பத்தாம் வகுப்புக்குப் பிறகு என்ன படிக்கலாம் என்று நீங்கள் வெளியிட்ட பக்கத்தைப் பேரனோடு உட்கார்ந்து படித்தேன். எஞ்சினியரிங், நர்சிங், கணக்கியல் எல்லாம் இருந்தன. மர வேலைக்கு ஒரு வரிகூட இல்லை. காரைக்குடிப் பக்கத்துக்காரியான எனக்கு அது மனதை உறுத்தியது.

எங்கள் ஊர் வீடுகளைப் பார்க்க எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். பர்மாத் தேக்குத் தூணையும் வாசல் நிலைக்கு மேலே செதுக்கிய கஜலட்சுமியையும் படம் எடுக்கிறார்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான்களை விலை பேசி வாங்கிப் போகிறார்கள். ஆனால் அப்படி ஒரு பெட்டகத்தின் கால் ஆடினால், சரிசெய்ய ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பு.

போன ஐப்பசி மழையில் எங்கள் மேசையின் இழுப்பறை இறுகிக்கொண்டது. பல நாள் காத்திருந்த பிறகு ஒரு பெரியவர் வந்தார். பக்கவாட்டில் கொஞ்சம் இழைத்துவிட்டால் போதுமே என்றான் பேரன். அவர் சிரித்துக்கொண்டே, "இப்ப இழைச்சா சித்திரையில கலகலன்னு ஆடும் தம்பி. ஈரம் காயட்டும், தையில வர்றேன்" என்றார். மரம் ஈரத்தில் அகலவாக்கில்தான் உப்பும், நீளவாக்கில் அநேகமாக மாறாது என்பதையும் ஒரு பலகையைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார். அப்புறம் சட்டத்தின் மூலைகள் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்க, மூலைக்கு மூலை குறுக்கே இரண்டு பக்கமும் டேப் பிடித்தார். இரண்டு அளவும் ஒன்றுதான். "அப்பத்தா, இது நீங்க சொல்லிக்கொடுத்த செவ்வகக் கணக்கு!" என்று கத்தினான் பேரன். முப்பது ஆண்டுகள் கணக்கு நடத்தியவள் நான். மூலைவிட்டங்கள் சமம் என்று எத்தனையோ முறை கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். ஒரு பிள்ளையின் கையிலாவது ஒரு சட்டத்தைக் கொடுத்து அளக்கச் சொன்னதில்லை. அந்த வருத்தம்தான் இந்தக் கடிதம்.

நம் மாநிலத்தில் மேல்நிலைக் கல்வி வந்த 1978 முதலே தொழிற்கல்விப் பிரிவு இருக்கிறது. இயந்திரவியல், மின்சாரம், நெசவு எல்லாம் அதில் உண்டு. மேசை நாற்காலி செய்யக் கற்றுத்தரும் பாடம்தான் இல்லை. ஐ.டி.ஐ.யில் எட்டாம் வகுப்பு முடித்தவர்களே மர வேலைப் பிரிவில் சேரலாம், சரி. ஆனால் "மார்க் வரலையா, ஐ.டி.ஐ.யில போடு" என்றுதானே வீடுகளில் பேசுகிறோம்? உளியைத் தொட்டே பார்க்காத பிள்ளை அந்த வேலையை எப்படி விரும்பித் தேர்ந்தெடுக்கும்? ஒன்பதாம் வகுப்பிலேயே மர வேலைக்கு வாரம் இரண்டு பாடவேளை வேண்டும். பிடித்தவர்கள் அதன் பிறகு தொழிற்கல்விப் பிரிவுக்கோ ஐ.டி.ஐ.க்கோ போகட்டும். தொழிற்கல்வியில் பிளஸ் டூ முடித்தால் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரவும் வழி இருக்கிறது.

இது குலக்கல்வி ஆகிவிடாதா என்று ஒரு தோழி கேட்டார். நியாயமான கேள்வி. 1953இல் வந்த திட்டம், பள்ளி நேரத்தைக் குறைத்துவிட்டு மீதி நேரம் அப்பன் தொழிலைப் பழகு என்றது. அடுத்த ஆண்டே காமராசர் அதைக் கைவிட்டார். அது சரியான முடிவு. நான் கேட்பது அதற்கு நேர்மாறானது. ஆசாரி வீட்டுப் பிள்ளை டாக்டராகட்டும். செட்டியார் வீட்டுப் பெண்ணுக்கும், வயல் வேலைக்குப் போகிறவர் மகனுக்கும் மரம் இழைக்கும் இழைப்புளியைப் பிடிக்க ஆசை வந்தால் பள்ளிக்கூடம் கற்றுத்தரட்டும். ஒரு தொழில் பாடமாகி, எல்லோருக்கும் பொதுவானால்தான் அதன் மேல் இருக்கும் சாதி முத்திரை அழியும்.

இதற்குப் பெரிய மெஷின்கள் தேவையில்லை. ரம்பம், உளி, அதைத் தட்டக் கொட்டாப்புளி, இழைப்புளி, மூலைமட்டம், உறுதியான நாலு வேலை மேசை, கண்ணுக்குக் கண்ணாடி, தூசிக்கு முகக்கவசம் போதும். சொல்லிக்கொடுக்க, சான்றிதழ் இல்லாவிட்டாலும் கைத்திறன் உள்ள பெரியவர்களை மதிப்பூதியம் கொடுத்து அழைக்க வேண்டும். இதை அரசு உடனே செய்ய வேண்டும். எங்கள் வீட்டுக்கு வந்தவருக்கே எழுபது வயதிருக்கும்.

முதல் பாடத்துக்கு மரம் வாங்கக்கூட வேண்டாம். நான் வேலை பார்த்த பள்ளியில் சைக்கிள் கொட்டகைக்குப் பின்னால் கால் போன பெஞ்சுகள் மழையில் நனைந்து கிடக்கும். எத்தனையோ பள்ளிகளில் இதே நிலைதான். பிள்ளைகள் அதில் ஒன்றைப் பழுதுபார்த்து, அவர்களே அதில் உட்காரட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை,
கோட்டையூர், சிவகங்கை மாவட்டம்.