மண்ணெண்ணெயும் பன்னீர் ரோஜாவும்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது, பதில் போடாததற்குத் திட்டாதே. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எங்களுக்கும் நிம்மதி. என் முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. ஜெர்மனியின் ட்ரியரில் குடியிருந்துகொண்டு மோசல் ஆற்றங்கரைத் திராட்சைத் தோட்டங்களில் ஏறாமல் எப்படி இருப்பது?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீ இத்தாலியின் டூரினிலிருந்து கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன செர்ராலுங்கா ஊர்ச் சிவப்பு ஒயினான பரோலோ பாட்டில்கள் மூன்றையும் போன சனிக்கிழமை திறந்துவிட்டேன். "சிவப்பு ஒயினைத் துவர்ப்பு காப்பாற்றும், உன் வெள்ளையை யார் காப்பாற்றுவார்?" என்று கேட்டுவிட்டுப் போனாயே, அது உறுத்திக்கொண்டே இருந்தது. பக்கத்தில் என் வெள்ளை ஒயினான ரீஸ்லிங் பாட்டில் நான்கை நிறுத்தினேன். எல்லாம் மோசல் கரையில் வேலன் என்ற ஊரின் சரிவில் விளைந்த ஷ்பேட்லேஸே, அதாவது தாமதமாகப் பறித்த பழத்தில் செய்தவை.

முதல் அடி எனக்குத்தான். பதினைந்து வருடமாகப் பொத்திப் பொத்தி வைத்திருந்த 1990-ஆம் வருட அறுவடை ரீஸ்லிங் கார்க் கெட்டு, நனைந்த அட்டைப்பெட்டி வாசம் அடித்தது. தொட்டியில் கொட்டினேன். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத மனசில்லை.

2001-ஐ ஊற்றியதும் என் மனைவி முகர்ந்துவிட்டு, "ஸ்டவ்வை இப்பதான் அணைச்ச மாதிரி இருக்கே" என்றாள். அந்த மண்ணெண்ணெய் வாசத்தை இதைவிடச் சரியாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. திராட்சையில் இருக்கும் கரோட்டினாய்டுகள் சிதைந்து, வருடக்கணக்கில் பாட்டிலுக்குள் டிடிஎன் என்ற பொருளாக மாறுவதால் வருவது அது. வெயில் அதிகம் பட்ட பழமென்றால் வாசமும் தூக்கலாக இருக்கும். 2001-இல் அது ஓரமாக நின்றது. அதன் பின்னால் எலுமிச்சைத் தோல், தேன், மழை பட்ட கல். சர்க்கரை இருக்கிறது, ஆனால் நாக்கில் இனிப்பாகத் தெரியவில்லை. வெறும் எட்டு சதவீத ஆல்கஹால், இருபது வருடத்துக்கு மேல் ஆகியும் துள்ளுகிறது.

2003 ஞாபகம் இருக்கிறதா? ஐரோப்பாவே வெந்த கோடை. அந்த வருடத்து ரீஸ்லிங் மண்ணெண்ணெய்க் கடையேதான். புளிப்பு இறங்கிப்போய், பாகு மாதிரி சோம்பிக் கிடந்தது. உன் 2003 பரோலோவும் அதே கதை: உலர்ந்த பழம், சூடு, கடைசியில் வாயைப் பிடித்து இழுக்கும் வறட்டுத் துவர்ப்பு. நாட்டுக்கு நாடு, நிறத்துக்கு நிறம் வேறு. வெயில் இரண்டையும் ஒரே மாதிரிதான் வாட்டியிருக்கிறது. மாறாக, 2010-இல் மோசலில் புளிப்பு எகிறிப்போய், பலர் அதைக் குறைத்துத்தான் பாட்டிலில் அடைத்தார்கள். வாங்கிய புதிதில் எனக்குப் பல் கூசியது. இப்போது அதுதான் மேசையில் எல்லோரையும்விட இளமை.

அப்புறம் உன் 1996 பரோலோ. மதியமே திறந்து வைத்தும் இரவு வரை வாயே திறக்கவில்லை. நிறமோ செங்கல் பொடியைக் கரைத்த மாதிரி. என் வெள்ளை வயதாக ஆகக் கறுக்கிறது, உன் சிவப்பு வெளுக்கிறது, இரண்டும் எங்கோ நடுவில் சந்திக்கும் போல. ஒரு வாய் குடித்தேன், கடுக்காய்தான். மிளகுக் கோழிக்கு முன்னால் இன்னும் மோசம், காரமும் துவர்ப்பும் சண்டை போட்டன. (கோழிக்கு ரீஸ்லிங்தான், இதில் நான் விட்டுத்தர மாட்டேன்.) ஏமாற்றத்தோடு கார்க்கைச் செருகி வைத்துவிட்டுப் படுத்தேன்.

ஞாயிறு சாயங்காலம் மிச்சத்தை ஊற்றியபோது அறை முழுக்கப் பன்னீர் ரோஜா. காய்ந்த இதழ், கீழே புதுச் சாலைத் தார், கொஞ்சம் சருகு. அந்தக் கடுக்காய் எங்கே போனதென்று தெரியவில்லை. துவர்ப்பு உட்கார்ந்த பிறகு அடியில் என்ன இருந்தது தெரியுமா? புளிப்பு. என் ரீஸ்லிங்கில் இருந்த அதே நரம்பு. பனிமூட்டம் இறங்கும் அக்டோபர் வரை கொடியிலேயே தொங்கியும் பரோலோவின் திராட்சையான நெப்பியோலோ அதை விடாமல் பிடித்திருக்கிறது. அதனால் உன் கேள்விக்கு என் பதில்: இரண்டையும் காப்பாற்றுவது ஒரே ஆள்தான், உன் வீட்டில் அவர் துவர்ப்பைப் போர்த்திக்கொண்டிருக்கிறார்.

உன் 2004 பரோலோவைச் சொல்லாமல் விட்டால் கோபிப்பாய். இரண்டு நாளும் அழகு, சண்டையே போடவில்லை. அதனாலேயே அதைப் பற்றி எழுத அதிகம் இல்லை.

அறுவடைக்கு வருகிறாய் அல்லவா? 1996 இன்னொன்று இருந்தால் எடுத்து வா. ஆனால் ஒரு நாள் முன்னாலேயே வந்துவிடு, வந்ததும் திறந்து வைத்துவிட்டுத்தான் மற்றப் பேச்சு. என் பங்குக்கு ஒரு 1990 தேடிக்கொண்டிருக்கிறேன், கார்க் நல்லதாக அமைய வேண்டிக்கொள்.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்