செயலாளரின் ஆண்டறிக்கை: 2025

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நம் மாடித்தோட்டச் சங்கத்தின் கடந்த ஆண்டுப் பணிகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். பொங்கலையொட்டி நாட்டு விதைப் பரிமாற்றம் நடைபெற்றது. பூச்சியுண்ணும் தாவரங்களைப் பற்றி டார்வின் 1875இல் நூல் வெளியிட்டு 150 ஆண்டுகள் நிறைந்ததையொட்டி ஜூலையில் ஓர் உரை ஏற்பாடு செய்யப்பட்டது. செயற்குழுவுக்கு ஆறு முறை அழைப்பு விடுத்தோம்; இரண்டு முறை கூட்டம் நடத்தத் தேவையான குறைவெண் சேராமல் ஒத்திவைக்க நேர்ந்தது.

இலைப் பசையால் பூச்சி பிடிக்கும் ட்ரோசெரா செடியை விதையிலிருந்து வளர்த்த முயற்சியைச் சற்று விரிவாகவே கூற வேண்டியிருக்கிறது. அதன் செலவைக் குறித்து நான் இல்லாத இடங்களில் கேள்விகள் எழுந்ததாக அறிகிறேன். நம் சமவெளி வெப்பத்தைத் தாங்கும் ட்ரோசெரா பர்மனி இனத்தைத் தேர்ந்தெடுத்தோம். மற்றொரு பூச்சியுண்ணும் தாவரமான சாரசீனியாவின் விதையைப் போல இதைப் பல வாரங்கள் குளிரில் வைத்திருக்கத் தேவையில்லை. தூசி போன்ற இவ்விதை வெளிச்சம் பட்டால்தான் நன்கு முளைக்கும் என்பதால், உரமில்லாத பீட் பாசியும் (சதுப்பு நிலத்தில் மக்கிய பாசி) பலமுறை அலசிய மணலும் கலந்த பன்னிரண்டு தட்டுகளில், மேலே மண் மூடாமல் பிப்ரவரியில் தூவினோம். மூன்றாம் வாரத்தில் முளை கண்டபோது, கடுகினும் சிறிய அந்த இலைகளில் பசைத்துளி மின்னியதை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தவர்கள் அந்த மகிழ்ச்சியை மறந்திருக்க மாட்டார்கள்.

ஏப்ரலில் எட்டுத் தட்டுகள் அழிந்தன. பூச்சியைத் தின்னும் செடிக்குப் பூச்சிக் காவல் எதற்கு என்று அப்போது பலர் கேட்டனர். செடியின் பொறி இலையில்தான் இருக்கிறது. காளான் ஈயின் புழுவோ ஈர மண்ணுக்குள் இருந்து இளவேரைக் கடிக்கிறது. இதைத் தடுக்கத்தான் மஞ்சள் ஒட்டும் அட்டைகளும், கொசுப்புழுவை அழிக்கப் பயன்படும் பி.டி.ஐ. நுண்ணுயிர்த் தூளும் வாங்கினோம். அட்டையை மாற்றவும், தூளைக் கரைத்து ஊற்றவும், தட்டில் நீர் அளவுக்கு மேல் தேங்காமல் பார்க்கவும் பதினான்கு பேருக்கு முறை வகுத்திருந்தோம். வந்தவர்கள் ஐவர். வடகிழக்குப் பருவமழையில் பிடித்துவைத்த நீர் தீர்ந்ததும், உப்பு மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரை யாரோ ஊற்றியிருந்தார்கள். சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி தென்பட்ட தட்டுகளை ஒரு நாள் முழுவதும் மழைநீரில் அமிழ்த்தி வைத்தாலே போதும் என்று நான் எழுதி ஒட்டியிருந்தும், நல்லெண்ணத்தோடுதான் என்றாலும், ஒருவர் சோப்புக் கரைசல் தெளித்ததில் இலைகள் கருகின. சுத்திகரித்த நீரைக் கேன்களில் வாங்கியது ஆடம்பரம் அன்று. எஞ்சிய நான்கு தட்டுகள் அதனால்தான் பிழைத்தன. அவை செப்டம்பரில் பூத்து, தாமே மகரந்தம் சேர்ந்து, ஏராளமாக விதை தந்தன.

வரவுசெலவுக் கணக்கு தணிக்கை செய்யப்பட்டுள்ளது. செலவு வரவைச் சற்று மிஞ்சியதால் பற்றாக்குறையை இப்போதைக்கு நானே ஈடுசெய்திருக்கிறேன். 46 உறுப்பினர்களில் 21 பேர் மட்டுமே ஆண்டுச் சந்தாவைச் செலுத்தியுள்ளனர் என்பதை வருத்தத்துடன் பதிவு செய்கிறேன்.

மொட்டைமாடியைத் தந்துதவிய குடியிருப்போருக்கும், தலைவர், பொருளாளர் ஆகியோருக்கும், தவறாமல் வந்த அந்த ஐவருக்கும் நன்றி.

விதைகள் காகித உறைகளில் என் வீட்டுக் குளிர்பெட்டியில் இருக்கின்றன. வரும் பிப்ரவரியில் மீண்டும் விதைக்கலாம். ஆனால் சென்ற ஆண்டைப் போல அந்த ஐவரும் நானுமாக ஆறு பேரால் அது இயலாது. காலையில் பத்து நிமிடம் ஒதுக்கக்கூடியவர்கள் பெயர் எழுதுவதற்கு வருகைப் பதிவேட்டின் அருகில் ஒரு தாள் வைத்திருக்கிறேன். சந்தா ரசீதுப் புத்தகமும் அங்கேயே இருக்கிறது.

இங்ஙனம்,
செயலாளர்