குழி விழும் முன்பே கணக்குப் போடுங்கள்: பெங்களூரு சாலைப் பொறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெங்களூரு சாலைகளைப் பராமரிக்கும் பொறியாளர்களுக்கும், அதற்குப் பணம் ஒதுக்கும் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

அல்சூரில் குடியிருப்பவன் நான். சாலைப் பரிசோதனை வேலையில் பல வருடம் இருந்தவன். என் கோரிக்கை ஒன்றுதான்: எந்தச் சாலைக்கு முதலில் பணம் என்று முடிவு செய்யும்போது, இன்று எது மோசம் என்று மட்டும் பார்க்காதீர்கள். இன்னும் இரண்டு வருடத்தில் எது கெடும் என்றும் பாருங்கள்.

தார்ச்சாலை ஒரே சீராகக் கெடுவதில்லை. முதல் சில வருடம் பெரிதாக ஒன்றும் தெரியாது. அப்புறம் மெல்லிய விரிசல் விடும். அதில் தண்ணீர் இறங்கி அடியிலுள்ள ஜல்லிப் படுகை இளகிவிட்டால், ஒரு மழைக்காலம் போதும். மழை விட்ட மறுநாள் காலை, லாரி ஓடும் தடத்தைக் குனிந்து பாருங்கள். மேலே காய்ந்திருக்கும், விரிசல் மட்டும் ஈரமாக இருக்கும். அதன் ஓரத்தில் வெளிறிய சேறு படிந்திருந்தால், சக்கரம் ஏற ஏற அடித்தளத்தின் நுண்மண் பிதுங்கி வெளியே வருகிறது என்று அர்த்தம். அங்கே குழி இன்னும் விழவில்லை. யாரும் புகார் செய்யாததால் பட்டியலிலும் அந்த இடம் இருக்காது.

விரிசல் ஆரம்பிக்கும்போதே கவனித்தால் மெல்லிய மேற்பூச்சோடு முடிந்துவிடும். அடித்தளம் போன பிறகு தோண்டிப் புதிதாகத்தான் போட வேண்டும். செலவு பல மடங்கு. மோசமானதிலேயே பணமெல்லாம் கரைந்தால், நன்றாக இருக்கும் சாலைகளும் அந்தக் கதிக்கு வந்துவிடும்.

இது புது யோசனை இல்லை. ஒரு சாலைத் துண்டு ஒரு வருடத்தில் நல்ல நிலையிலிருந்து கீழே இறங்க எவ்வளவு வாய்ப்பு என்று கணக்கிட்டு, அமெரிக்காவின் அரிசோனா மாநிலம் 1980 வாக்கிலேயே பராமரிப்பைத் திட்டமிட்டது. எடையைப் போட்டுச் சாலை எவ்வளவு அமுங்குகிறது என்று அளக்கும் கருவிக்கு, சாலைத் தரநிலைகளை வகுக்கும் அமைப்பான இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் 2014-லேயே வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது.

ஆனால் கணக்குக்குள் போகும் தகவல் சரியாக இருக்க வேண்டும். 2018-ல் மத்திய அரசு, லாரிகளில் நான்கு டயர் கொண்ட ஒற்றை அச்சின் எடை வரம்பை 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்த்தியது. 13 சதவீதம்தானே என்று தோன்றும். ஆனால் 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய்ஸில் நடந்த ஆஷோ (அமெரிக்க மாநில நெடுஞ்சாலை அதிகாரிகள் சங்கம்) சாலைச் சோதனை காட்டியபடி, சேதம் ஏறத்தாழ எடையின் நான்காம் அடுக்கில் ஏறும்; அதாவது எடை இரட்டித்தால் சேதம் பதினாறு மடங்கு. அப்படியானால் வரம்பு வரை பாரம் ஏற்றிய அச்சு தரும் சேதம் சுமார் 1.6 மடங்கு. பழைய எடையை வைத்துக் கணித்தால் சாலையின் ஆயுள் காகிதத்தில் மட்டும் நீளும்.

இன்னொன்று தோண்டல். குடிநீர்க் குழாய், மின்கேபிள், ஃபைபர் கேபிள் என்று யார் எப்போது தோண்டினார்கள், எவ்வளவு ஆழம், எதைக் கொண்டு மூடினார்கள் என்ற பதிவு இல்லாமல் எந்தக் கணிப்பும் இந்த ஊரில் நிற்காது. 2025 செப்டம்பரில் மாநகராட்சி ஐந்தாகப் பிரிந்த பிறகு இது இன்னும் அவசரம். எல்லை தாண்டும் சாலையின் வரலாறு இரண்டு அலுவலகக் கோப்புகளாகப் பிரிந்துவிடக் கூடாது. ஐந்துக்கும் ஒரே பதிவேடு வையுங்கள்.

பட்ஜெட்டுக்கு முன் சாலைவாரியாக உங்கள் கணிப்பை மக்கள் பார்வைக்கு வெளியிடுங்கள். மழைக்காலம் முடிந்ததும், அது எங்கே பொய்த்தது என்பதையும் சேர்த்து வெளியிடுங்கள். அடுத்த வருடக் கணக்கைத் திருத்த அந்த இடங்கள்தான் உதவும்.

இப்படிக்கு,
அல்சூர்வாசி ஒருவன்