அவளிடம் ரொட்டியைப் பற்றிக் கேள்

மார்த்தாண்டம்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மக்களே,

நேற்று போனில் நீ சொன்னதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். உன் வார்டில் புதிதாகச் சேர்ந்த ஏமன் நாட்டு நர்ஸிடம் எல்லாரும் குண்டு விழுந்த கதையையே கேட்கிறார்கள், அவள் ரெண்டு வார்த்தை சொல்லிவிட்டு எழுந்து போய்விடுகிறாள், "நான் என்னம்மா பேசட்டும்?" என்று கேட்டாய். அம்மா அந்த நாட்டுத் தலைநகர் சனாவில் நாலு வருஷம் இருந்தவளாயிற்றே என்று கேட்டிருக்கிறாய். போனில் சொல்லித் தீராது.

ரொட்டியைப் பற்றிக் கேள். எங்கள் வீட்டுக்காரம்மா விடியும் முன்பே தந்தூர் அடுப்பை மூட்டிவிடுவார். மாவை ஒரு துணித் தலையணையில் விரித்து, கையோடு அடுப்புக்குள் விட்டு, சுவரில் அறைந்து ஒட்டுவார். முழங்கை வரை தழும்பு இருக்கும். மேல்மாடியில் குடியிருந்த எங்கள் நாலு நர்ஸுகளுக்கும் சேர்த்தே சுடுவார். ஒரு நாளும் காசு வாங்கியதில்லை. மத்தியானம் கல்சட்டியில் கொதிக்கக் கொதிக்க ஸல்தா என்கிற கறிக்குழம்பு வரும், மேலே வெந்தயத்தை நுரைக்க அடித்து ஊற்றியிருப்பார்கள். குளிருக்குக் கிஷ்ர். காப்பிக்கொட்டையின் தோலை இஞ்சி போட்டுக் காய்ச்சுவார்கள். முதல் மடக்கில் நம் வீட்டுச் சுக்குக் காப்பி ஞாபகம் வந்து அழுதுவிட்டேன். சனா 2,200 மீட்டருக்கு மேலே இருக்கிற ஊர். நம் ஊர்க்காரிக்கு அந்தக் குளிர் புதிது.

நான் 2011-ல் போனபோது நீ எட்டாம் வகுப்பு. அங்கே ஊரெல்லாம் போராட்டமும் துப்பாக்கிச் சூடுமாக இருந்த வருஷம் அது. உன் பாட்டி போகாதே என்றார். வீட்டுக் கடன் போகச் சொல்லியது. ஆண்கள் இடுப்பில் ஜம்பியாக் கத்தி, தோளில் துப்பாக்கி. ஆஸ்பத்திரி வாசலில் துப்பாக்கியைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். முதல் வாரம் எனக்குக் கை நடுங்கியது. அப்புறம் பார்த்தால், அதே மனுஷர்கள் அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அவள் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார்கள்.

2012 மே 21-ஐ நான் மறக்க மாட்டேன். ஸபீன் சதுக்கத்தில் அணிவகுப்பு ஒத்திகை நடக்கும்போது ஒருவன் உடம்பில் குண்டு கட்டிக்கொண்டு வந்து வெடித்தான். 90 பேருக்கு மேல் செத்தார்கள். நாங்கள் ரத்தம் கேட்டு யாரிடமும் போகவே இல்லை. வாசலில் தானாக வரிசை நின்றது. டாக்சி ஓட்டுகிறவர், காய்கறிக்காரர், சட்டைக் கையை ஏற்கெனவே மடித்துவிட்டிருந்த காலேஜ் பையன்கள். ஏமன் என்றால் டிவியில் துப்பாக்கியைத்தான் காட்டுகிறார்கள். அந்த வரிசையைக் காட்ட ஒரு கேமராவும் வரவில்லை. எனக்கு இன்றைக்கும் அதில் கோபம் உண்டு.

2015 மார்ச் 26 ராத்திரி விமானங்கள் வந்து குண்டு போட ஆரம்பித்தன. நீ ப்ளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தாய். வீட்டுக்காரம்மா எங்களை எழுப்பிக் கீழ்த்தளத்துக்குக் கூட்டிப்போனார். அங்கே கல்யாணம் என்றால் வானத்தைப் பார்த்துச் சுடுவது வழக்கம். என் மடியில் இருந்த சின்னப் பேரன் சத்தத்தைக் கேட்டு "யாருக்குக் கல்யாணம்?" என்றான். வீட்டுக்காரம்மா கொஞ்சம்கூடத் தயங்காமல், பக்கத்துத் தெருவில் ஒரு பெண்ணுக்கு என்றார். விடியும்வரை அவனுக்கு அந்தக் கல்யாணத்தை விவரித்துக்கொண்டே இருந்தார். என்ன துணி, எத்தனை ஆடு, யார் யார் ஆடினார்கள் என்று.

எங்களுக்கு மூன்று மாதச் சம்பளம் பாக்கி. பாஸ்போர்ட் ஆஸ்பத்திரி அலமாரியில். அதைத் திரும்ப வாங்கின பாட்டை நீ ஏற்கெனவே கேட்டிருக்கிறாய். ஒரு நாளைக்குச் சில மணி நேரம்தான் விமானம் இறங்க விட்டார்கள். சனாவிலிருந்து ஜிபூட்டி, அங்கிருந்து கொச்சி. அந்த ஏப்ரலில் நம் அரசாங்கம் இந்தியர் 4,600 பேருக்கு மேற்பட்டவர்களையும், அவர்களோடு 41 நாட்டுக்காரர் 960 பேரையும் வெளியே கொண்டுவந்தது.

உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. வீட்டுக்காரம்மாவின் கணவருக்குச் சர்க்கரை வியாதி. டியூட்டிக்குப் போகும் முன் நான்தான் தினமும் இன்சுலின் போடுவேன். கிளம்ப வேண்டும் என்று சொன்னதும் அந்த அம்மா என்னைப் போகாதே என்று சொல்லவில்லை. பன்னிரண்டு வயதுப் பேத்தியைக் கூப்பிட்டு, "இவளுக்குச் சொல்லிக்கொடு" என்றார். ஒரு ஆரஞ்சுப் பழத்தில் பழக்கினேன். எத்தனை யூனிட், எந்தப் பக்கம் சாய்த்து, காற்றுக் குமிழை எப்படித் தட்டி எடுப்பது என்றெல்லாம். மூன்றாம் நாள் காலையில் தாத்தாவின் வயிற்றுத் தோலை ரெண்டு விரலில் பிடித்துத் தானே போட்டாள். ஊசியை எடுத்த பிறகுதான் மூச்சு விட்டாள். தாத்தா அவள் தலையில் கைவைத்து "டாக்டர்" என்றார்.

நான் வந்துவிட்டேன். என்னிடம் வேறு நாட்டு பாஸ்போர்ட் இருந்தது, அவ்வளவுதான். துறைமுகம் அடைபட்டு மருந்து கிடைக்காமல் போன செய்தியைப் படிக்கும்போதெல்லாம் அந்தச் சின்ன விரல்கள்தான் கண்முன் வரும். அவர்கள் போன் நம்பர் ஒரு வருஷத்தில் செத்துப்போனது. 2017-ல் ஒக்கிப் புயலுக்கு இங்கே கரன்ட் போய்க் கிடந்தபோதும், இருட்டில் அவர்களைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பார்சலில் முந்திரிக்கொத்து ரெண்டு டப்பா இருக்கிறது. ஒன்று அவளுக்கு. சுக்கும் கருப்பட்டியும் தனியாகக் கட்டியிருக்கிறேன், காப்பி போட்டு அவளுக்குக் கொடு. குண்டைப் பற்றிக் கேட்காதே, அவளாகச் சொன்னால் கேள். அப்புறம் அவள் ஊர் சனாவா, ஏடனா என்று மட்டும் கேட்டு எனக்குச் சொல். சனா என்றால் எந்தத் தெரு என்றும் கேள். அந்தப் பேத்திக்கு இப்போது இருபது தாண்டியிருக்கும்.

உன் அம்மா