வின்சுலோ அம்மாவுக்கு ஓர் உடுவில்காரி எழுதுவது

அன்புள்ள வின்சுலோ அம்மாவுக்கு,

உங்களை அப்படிக் கூப்பிடலாம்தானே? ஹாரியட் என்று பெயர் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீங்கள் 36 வயதிலேயே கண்ணை மூடிவிட்டீர்கள், நான் அந்த வயதைத் தாண்டிவிட்டேன், கணக்குப்படி நான்தான் மூத்தவள். ஆனாலும் யாழ்ப்பாணத்து உடுவில் போர்டிங்கில் இருந்தவளுக்கு நீங்கள் அம்மாதான்.

உங்கள் கணவர், அமெரிக்க மிஷனரி மைரன் வின்சுலோவை, எங்களில் தமிழ் படித்த எல்லோருக்கும் தெரியும். 1862இல் சென்னையில் வெளிவந்த அவருடைய தமிழ் ஆங்கில அகராதி இன்றும் மறுபதிப்பாகிக் கொண்டிருக்கிறது. (அதற்கு முதல் மண்வெட்டி போட்டவர் நல்லூரில் இருந்த நைற் பாதிரியார். அவரோடு இருந்து உழைத்த தமிழர்களின் பெயர் அட்டையில் இல்லை. அது வேறு வழக்கு.) உங்களைப் பற்றி எங்களுக்குத் தெரிந்ததோ ஒரே வரி: 1824இல் உடுவில் பெண்கள் பாடசாலையைத் தொடங்கியவர், அதன் முதல் தலைவி. நான் எழுதவந்தது அந்தப் பாடசாலையைப் பற்றி அல்ல, அது இருந்த வீட்டைப் பற்றி. ஏனென்றால் அது உங்கள் வீடு. அங்கேதான் நீங்கள் பிள்ளை பெற்றீர்கள், வளர்த்தீர்கள், அங்கேயே இறந்தீர்கள்.

1819 ஜனவரியில் கல்யாணம். ஜூன் 8இல் போஸ்டனில் கப்பல். இந்துஸ் என்ற அந்தச் சின்னக் கப்பலில் உங்களோடு ஸ்போல்டிங், வூட்வர்ட், டாக்டர் ஸ்கடர் குடும்பங்கள். கல்கத்தா வந்து சேர அக்டோபர் ஆகிவிட்டது. ஸ்கடர் தம்பதிகள் கையில் கொண்டுவந்த பெண்குழந்தையை அந்த ஊரிலேயே அடக்கம் செய்தார்கள். அடுத்த ஆண்டு நீங்கள் உடுவிலில் குடியேறினீர்கள். போர்த்துக்கேயர் கட்டி, ஒல்லாந்தர் கைக்கு மாறி, பிறகு பார்ப்பாரற்று இடிந்துபோன கிறிஸ்தவக் கோவில் வளவு. அந்த இடிபாட்டின் மேல் பனைமரமும் ஓலையும் ஏற்றித்தான் குடித்தனம்.

அப்போது உங்களுக்கு 24 வயது. ஊர் வீட்டிலிருந்து வரும் கடிதம் பாதி ஆண்டு பழசு. நீங்கள் பதில் எழுதினால் அது போய்ச் சேர இன்னொரு பாதி ஆண்டு. போதாக்குறைக்கு 1820இல் அச்சுக்கூடம் நடத்த வந்த அமெரிக்கரை ஆங்கிலேய அரசு தங்கவிடாமல் திருப்பி அனுப்பியது. அன்றிலிருந்து 1833 வரை புதிதாக ஓர் அமெரிக்க மிஷனரி குடும்பமும் யாழ்ப்பாணத்தில் கால்வைக்கவில்லை. தெல்லிப்பழை, வட்டுக்கோட்டை, பண்டத்தரிப்பு, மானிப்பாய், உடுவில் என்று ஐந்து ஊர்களில் சிதறிக் கிடந்த சில வீடுகள்தான் உங்கள் உலகம். 1821இல் மிஷனரி டானியல் பூவரின் மனைவி சூசன் இறந்தார். 1822இல் இன்னொரு மிஷனரி ரிச்சர்ட்ஸ் இறந்தார். ஒரு வீட்டில் ஒருவர் போனால் அந்தச் சின்னக் கூட்டத்தில் எவ்வளவு குறைந்திருக்கும்!

நான் இப்போது இருப்பது கனடாவில், ஸ்காபரோவில். காலையில் தேத்தண்ணி ஊற்றும்போது சுன்னாகத்தில் அம்மா பின்னேர விளக்கு ஏற்றுவதை வட்ஸ்அப்பில் பார்க்கிறேன். அப்படி இருந்தும் அழுகை வருகிற நாள் உண்டு. உங்களுக்கு அதுவும் இல்லை.

சரி, வீட்டுக்கு வருவோம். அந்த வீட்டின் பெரிய சிக்கல் சாப்பாடு. பசி அல்ல, யார் சமைத்தது, எங்கே சமைத்தது என்கிற சிக்கல். வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர், வளவில் தண்ணீர் குடித்தாலே சாதி போய்விடும் என்ற காலம். மிஷன் விடுதிகளில் முதலில் சேர்ந்த பையன்களுக்கு மிஷன் வளவுக்கு வெளியே, சைவக்காரர் காணியில், சைவச் சமையற்காரரை வைத்துத்தான் சோறாக்க வேண்டியிருந்தது. பையன்கள் பாடத்தை உங்கள் ஆட்களிடம் படிப்பார்கள், சோற்றை அங்கே போய்த் தின்பார்கள். யாழ்ப்பாணத்தான் எதிலும் ஒரு வழி கண்டுபிடித்துவிடுவான்!

பெண்பிள்ளைகள் அந்த வழிக்கும் வரவில்லை. அடுப்பூதும் பெண்ணுக்குப் படிப்பெதற்கு என்று கேட்ட ஊர். உடுவிலில் சொல்கிற கதை இது: தையல் பழகும் ஆசையில் உங்கள் விறாந்தைக்கு வந்துபோன இரண்டு சின்னப் பெண்கள், ஒரு நாள் அடைமழையில் வீட்டுக்குப் போக முடியாமல் அங்கேயே தங்கி, பசி பொறுக்காமல் சாப்பிட்டும் விட்டார்களாம். அடுத்த நாள் தகப்பன் வந்தபோது காரியம் முடிந்திருந்தது. வேதக்காரர் வீட்டில் உண்ட பெண்ணை யார் கட்டுவார்கள்? அவர்களை உங்களிடமே விட்டுவிட்டுப் போனார் என்று முடியும் கதை. இதைச் சொல்லும்போது எங்கள் ஆசிரியைமார் சந்தோஷமாகத்தான் சொல்வார்கள். எனக்கு அந்தத் தகப்பனின் முகம்தான் வரும். அந்தப் பிள்ளைகளின் தாய் கதையிலேயே இல்லை.

பிறகு பிள்ளைகள் சேரச் சேர, படிப்பு முடியுமுன் திருப்பி எடுக்க மாட்டோம் என்று பெற்றோரிடம் எழுதி வாங்கும் வழக்கம் மிஷன் விடுதிகளில் வந்தது. செலவைக் கொடுத்த அமெரிக்கர்களின் பெயரைப் பிள்ளைக்கு வைக்கும் வழக்கமும் வந்தது. கரோல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை என்று எங்கள் தமிழ்ப் புலவர்களின் பெயருக்கு முன்னால் கடல் தாண்டிய பெயர்கள் ஒட்டிக்கொண்டது அப்படித்தான். பெண்களுக்குக் கல்யாணம் வந்தால் மிஷனே சீதனமும் கொடுத்திருக்கிறது. யாழ்ப்பாணத்தில் சீதனம் கொடுக்கிறவர்தான் பெற்றவர். ஆக, சோறு, துணி, பெயர், சீதனம் எல்லாம் உங்கள் பக்கம். பெற்ற தாய்க்கு மிச்சம் என்ன?

இதை உங்களிடம் சண்டைக்குக் கேட்கவில்லை. எங்கள் அம்மம்மா அந்தப் போர்டிங்கில் படித்துத்தான் ரீச்சரானார், அந்தச் சம்பளத்தில்தான் என் அம்மா படித்தார். நன்றி மறக்கவில்லை. ஆனால் உங்கள் சொந்தப் பிள்ளைகளின் கதையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் எனக்கு உங்களோடு பேச வேண்டும் போல் இருந்தது.

உங்கள் மகன் சார்ள்ஸ் லேத்ரப் 1821 ஜனவரியில் இலங்கையில் பிறந்தான். பத்து வயது கடந்ததும் படிப்புக்காக அவனை அமெரிக்காவுக்கு அனுப்பினீர்கள். இங்கே வளர்ந்தால் ஊர்ப் பழக்கம் ஒட்டிவிடும், சபைக்கும் உறவுக்கும் அந்நியமாகிவிடுவார்கள் என்று அந்தக் காலத்து மிஷனரிப் பெற்றோருக்கு ஒரு பயம். 1832 மே 24இல் நியூயோர்க்கில் அவன் இறந்துபோனான். வயது பதினொன்று. எட்டு மாதம்கூட ஆகவில்லை, 1833 ஜனவரி 14இல் நீங்களும் உடுவிலில் இறந்தீர்கள்.

மற்றவர் பிள்ளைகளை அவர்கள் வீட்டிலிருந்து பிரித்து உங்கள் வீட்டில் வைத்தீர்கள். உங்கள் பிள்ளையை உங்கள் வீட்டிலிருந்து பிரித்துக் கடலுக்கு அப்பால் அனுப்பினீர்கள். இரண்டும் பிள்ளையின் நன்மைக்குத்தான் என்று மனதார நம்பியிருப்பீர்கள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. என் மகன் நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறான். இந்த ஊர்ப் பழக்கம் முழுதாக ஒட்டிவிடுமே என்று எனக்கும் அதே பயம்தான். அதற்காக அவனை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பு என்று யாராவது சொன்னால் அனுப்புவேனா? சனிக்கிழமைத் தமிழ் வகுப்போடு நிறுத்திக்கொள்கிறேன். உங்களுக்கு அந்த நடுவழி இருக்கவில்லை.

உங்கள் காலத்துக்குப் பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் தங்கைமார் மூன்று பேர் மிஷனரிகளைக் கட்டிக்கொண்டு ஒருவர்பின் ஒருவராக யாழ்ப்பாணம் வந்தார்கள். நீங்கள் இருந்தபோது ஒருத்திகூட வரவில்லை என்பதை நினைத்தால் ஆத்திரமாக இருக்கிறது. அவர்களில் ஜோவன்னாவும் அவள் கணவர் பெர்ரியும் 1837இல் காலராவில் போனார்கள். உங்கள் மகள், உங்கள் பெயரையே வைத்துக்கொண்டவள், வளர்ந்து டல்லஸ் என்ற பாதிரியாரைக் கட்டிச் சென்னைக்கு ஊழியத்துக்குப் போனாள். அவளுடைய பேரன்மார் இருவர். ஜோன் பொஸ்டர் டல்லஸ் 1953இல் அமெரிக்க வெளியுறவுச் செயலர் ஆனார், தம்பி அலன் அதே ஆண்டு சிஐஏ தலைவர் ஆனார். உடுவில் மிஷன் வீட்டின் வம்சம் எங்கே போய் நின்றது பாருங்கள்! பெருமைப்படுவதா என்று எனக்கே தெரியவில்லை.

உங்களோடு கப்பலேறிய ஸ்கடரின் பேத்திதான் வேலூர் மருத்துவமனையை உண்டாக்கிய ஐடா ஸ்கடர். அவரையும் சிறுவயதில் அமெரிக்காவில் உறவினர் வீட்டில் விட்டுவிட்டுத் தாய் இந்தியாவுக்குத் திரும்பினார். இது உங்கள் ஒரு வீட்டின் கதை மட்டும் அல்ல என்பதற்குச் சொன்னேன்.

நீங்கள் இறந்த பிறகு உங்கள் கடிதங்களையும் நாட்குறிப்பையும் சேர்த்து உங்கள் கணவர் ஒரு புத்தகம் போட்டார். உங்கள் துக்கத்துக்கு அப்படி ஒரு சாட்சி உண்டு. பெண்ணை விட்டுவிட்டுப் போன உடுவில், சுன்னாகம், இணுவில் தாய்மாருக்கு எழுதத் தெரியாது, அவர்களுக்காக எழுதவும் யாரும் இல்லை. அவர்கள் சனிக்கிழமை வந்து வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தார்களா, பலகாரம் கொண்டுவந்தார்களா, கொண்டுவந்ததைப் பிள்ளை தின்ன விட்டீர்களா, ஒன்றும் எனக்குத் தெரியாது.

ஆனால் ஒன்று கேட்க வேண்டும். சார்ள்ஸ் கப்பலேறின கிழமையில் அந்தத் தாய்மார் யாராவது உங்கள் விறாந்தைக்கு வந்தார்களா? வந்திருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன். எங்கள் ஊரில் பிள்ளையைத் தூரத்துக்கு அனுப்பின வீட்டை அப்படியே விடமாட்டார்கள். செம்புத் தண்ணீரைத் தொடாதவர்களும் வந்து திண்ணையில் இருந்து இரண்டு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் போவார்கள். அப்போது உங்கள் தமிழ் எந்தளவில் இருந்தது, அவர்களுக்கு என்ன பதில் சொன்னீர்கள்?

இப்படிக்கு,
உங்கள் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவி,
ஸ்காபரோவிலிருந்து